தரையில் உட்கார்ந்துவிட்டேன்

என்னங்க, எத்தனை முறை துவைத்தாலும் உங்கள் துண்டில் ஜாதிக்காய்த் தைல வாடை போகவில்லை. இன்று அமாவாசை. உங்களுக்கு வைத்த படையலின் வாசனையையும் மீறி அதுதான் மூக்கில் ஏறுகிறது.

கிள்ளானில் லோரி மோதி என் தொடை எலும்பு நொறுங்கியபோது, தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்காலை மடக்கிப் பழகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நீங்கள் விட்டீர்களா? "ஆட்டாதே, எலும்பு கூடட்டும்" என்று உங்கள் அக்கா சொன்னதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீரைக்கூடக் கட்டிலுக்குக் கொண்டுவந்தீர்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எலும்பு கூடியது. முழங்கால் உலக்கை மாதிரி விறைத்துப்போனது.

வருடங்கள் போன பிறகுதான், பிசியோ பார்க்கிற பெண்ணிடம் என்னை அழைத்துப்போனீர்கள். "ரொம்ப லேட் ஆன்டி. முழுசா மடங்குமான்னு சொல்ல முடியாது. விடாம செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வரும்" என்றாள். அன்று சாயங்காலமே தைலத்தோடு என் காலடியில் வந்து உட்கார்ந்தீர்கள்.

கணுக்காலில் துண்டைப் போட்டு நீங்கள் இழுப்பீர்கள், நான் கத்துவேன்.

"ஐயோ, விடுங்க! கொல்லப் பாக்குறீங்களா?"

"சீரியல் முடியட்டும் லா, விட்டுர்றேன்."

"படுபாவி!"

"திட்டு, நல்லா திட்டு. காலை மட்டும் இழுத்துக்காதே."

ஒருநாள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பயந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டார். துண்டும் கையுமாக அவர் முன்னால் நீங்கள் திருதிருவென்று விழித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. சாமி முன்னால் எல்லாரையும் போலத் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பது என்று பயந்தால், "நீ உக்காரு. தூக்கிவிட நான் இருக்கேன்ல" என்பீர்கள்.

இருந்தீர்களா? வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு. உங்களைக் கிடத்திய பெட்டியைத் தூக்குவதற்கு முன் எல்லாரும் உங்கள் காலடியில் விழுந்து கும்பிட்டார்கள். "ஆன்டிக்கு முட்டி மடங்காது, நாற்காலி போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உங்களை அனுப்பிவைத்தேன். கட்டிய புருஷன் காலில் விழ முடியாத கால் எனக்கு எதற்கு என்று வெறுத்துப்போனது.

ஆனாலும் சீரியல் நேரம் வந்தால் கை தானாகத் துண்டை எடுக்கும். நானே போட்டு, நானே இழுத்து, உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று படையலை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். மடங்கியது, என்னங்க! வலியில் உயிர் போனது, ஆனால் மடங்கியது. உங்கள் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலை வணங்கி, வாய்விட்டு அழுதேன். பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. சுவரும் உதவவில்லை, நாற்காலியும் எட்டவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். "கொமுட்டர் ரயில் லேட்டும்மா. நான் வர்ற வரைக்கும் ஆட்டாம அசைக்காம உக்காந்திருங்க" என்றான். உங்கள் பிள்ளை அல்லவா, வேறு எப்படிச் சொல்வான்!

சாம்பிராணி அணைந்துவிட்டது. உங்கள் வடையும் ஆறிப்போய்விட்டது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு போனில் இதை எழுதுகிறேன்.

நான் உட்கார்ந்துவிட்டேன். வந்து தூக்கிவிடுங்கள்.