முத்து உட்காரும் மதில்

மார்ச் 11, செவ்வாய்.

எங்கள் வெள்ளைப் பூனை முத்துவின் காது நுனியில் புண் ஆறவே இல்லை. இன்று கண்டிக்குக் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினேன்.

"வெள்ளப் பூனைக்கு வெயில் ஆகாதுங்க. புற்றுநோய் இப்படித்தான் தொடங்கும். நல்லவேளை, நேரத்தோட வந்தீங்க. அடுத்த வாரம் நுனிய வெட்டி எடுத்துரலாம். இனி வெயில் நேரத்துல வெளிய விடாதீங்க" என்றார்.

அது வெயில் காயவா மதிலில் உட்காருகிறது? என் வீட்டுக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போனதிலிருந்து பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஹந்தானையில் வீட்டுக்குத் திரும்பியதும் அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். பிறாண்டிக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அவர் இப்போதைக்கு வரமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் நானே போய் மதிலருகே நின்றேன், மதிய பஸ் வந்து போகும்வரை.

கதவைத் திறந்தேன். முத்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"இன்னைக்கும் வரலடி" என்றேன்.