படகோட்டியின் மனைவியாக நீ நின்ற கோடைகள்

நேற்று உன் மகள் ஜெனி கழற்றித் தந்த உன் நாடக உடுப்பை இன்று காலை குளியல்தொட்டியில் ஊறப்போட்டேன். தண்ணீர் பட்டதும் புகை மணம் எழுந்தது. ரொட்டி சுடுகிற அடுப்பின் விறகுப் புகை. அவளின் ஒரு நாள் புகையா, நீ ஆறு கோடையாக அந்த அடுப்பருகில் நின்று வாங்கிய புகையா என்று பிரித்தறிய முடியவில்லை. கை நனைந்தபடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீ சொல்லாதே என்று கேட்டதை நான் சொல்லிவிட்டேன். அது எப்படி நடந்ததென்று முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். கடைசி மாதங்களில் உனக்கு எது கேட்டது, எது எட்டவில்லை என்று எனக்குத் தெரியாதே.

இல்-பிசாரில் உன் கணவர் வீடு வாங்கியபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பேருந்து அபூர்வமாக வருகிற தீவு. தமிழ்க் குரல் கேட்கவேண்டுமானால் பாலம் கடந்து வரவேண்டும். நீ கவலைப்படவில்லை. பக்கத்து கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளிடமிருந்தே பிரெஞ்சு படித்தாய். நான் புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தும் "போன்ஜூர், மெர்சி"யைத் தாண்டவில்லை. கேட்டால் ஓரளவு விளங்கும், வாய் திறக்காது. நீயோ ரொட்டிக் கடையில் நின்று காலநிலையைப் பற்றிச் சண்டை பிடிக்கிற அளவுக்குக் கதைப்பாய்.

அவர் இறந்த அடுத்த வருடம், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, மதாம் தெரேஸ் உன்னைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தத் தீவில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் கதைகளை வருடக்கணக்காகத் தேடி எழுதி வைத்திருந்தவள். ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் ஒரு சனிக்கிழமை, ஊர்க்காரர்கள் பழைய உடுப்புப் போட்டு, பழைய கல்வீடுகளின் வாசலில் அந்தக் குடியேறிகளாகவே நிற்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வீடு வீடாக நடந்து போவார்கள். கொல்லன் வந்து தன் கதையைச் சொல்வான், மருத்துவச்சி சொல்வாள், ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டியின் மனைவி சொல்வாள். அந்த வருடம் படகோட்டியின் மனைவியாக நிற்கவேண்டியவள் காலை முறித்துக்கொண்டாள்.

"எனக்கு நாலு பக்கத்தைப் பாடமாக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும். உனக்கு வாயும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது" என்றாள் மதாம் தெரேஸ்.

அருகில் நின்ற ஒரு மனிதர் மெதுவாகத்தான் சொன்னார், இந்தத் தீவில் அந்தக் காலத்தில் இந்த நிறத்தில் யாரும் இருந்ததில்லையே என்று. நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். "அந்தக் காலத்தில் உங்களுக்குப் பொய்ப்பல்லும் இருந்திருக்காது, மிசியே. ஆனால் நீங்கள் கொல்லனாக நிற்கிறீர்கள்தானே" என்றாய். முதலில் சிரித்தவர் அவர்தான்.

நான்கு பக்கத்தையும் கரட் வெட்டிக்கொண்டே பாடமாக்கினாய். என் காரில் ஏறினால் எனக்கும் அதுதான். "போன்ஜூர், கிட்ட வாருங்கள். அடுப்பு சூடாக இருக்கிறது, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பிரெஞ்சில் தொடங்குவாய். ஆற்றுக்கு அப்பாலிருந்து படகில் மணப்பெண்ணாக வந்தவள், காட்டை வெட்டி வீடு கட்டியவர்களுக்கு ரொட்டி சுட்டவள், பெயர் மரி-ஆன். பாதி வழியில் நிறுத்தி, "என்னகா, விளங்குதா?" என்று கேட்பாய். "கொஞ்சம்" என்பேன். "கொஞ்சம் விளங்கினாக் காணும்" என்பாய்.

முதல் கோடையில் உன்னைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். சாம்பல்நிறக் கம்பளிப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி, கையில் மாப்பலகை. வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி. ஒரு தொப்பிக்காரர் விடாமல் கேட்டார்: "மதாம், உண்மையில் நீங்கள் எங்கிருந்து வந்தவர்?" நீ ஆற்றைக் காட்டினாய். "அந்தக் கரையிலிருந்து, மிசியே. என் புருஷன் படகில் கொண்டுவந்தான். அன்று காற்று, படகு ஆடிக் குடலைப் புரட்டி எனக்குச் சத்தி வந்தது." எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி உனக்கு வணக்கம் சொன்னார்.

பிறகு அந்தப் பனிக்காலத்துப் பகுதி வந்தது. காய்ச்சல் வந்து மரி-ஆனின் மூன்று பிள்ளைகளும் ஒரே மாதத்தில் போகிறார்கள். நிலம் உறைந்து கிடப்பதால் குழி தோண்ட முடியாது. இளவேனில்வரை விறகுக் கொட்டிலில் வைத்திருக்கிறார்கள். மதாம் தெரேஸ் எழுதியது அவ்வளவுதான். காரில் இருபது தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நீ அதோடு நிறுத்தவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டேன், அது உடனே காய்ந்துவிட்டது என்றாய். அவன் தண்ணீர் கேட்டான் என்றாய். "பொறு, மருந்துக்கு ஆள் போயிருக்கிறது, இப்போது வந்துவிடும் என்று சொன்னேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்றாய்.

என் பிரெஞ்சுக்கு அது போதும். மருந்துக்குப் போன ஆள் நான்.

மட்டக்களப்பில் நாங்கள் அகதிகளாக இருந்த பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்குக் கீழே பாயில் உன் மகன் யூட் கிடந்தான். மூன்றரை வயது. நான் சுவாமியாரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் சோதனைச்சாவடியில் திருப்பினார்கள். வேறு பாதையால் போனேன், அங்கேயும் திருப்பினார்கள். கெஞ்சினேன், அழுதேன், சைக்கிளை வைத்துவிட்டு நடந்து போக விடுங்கள் என்றேன். பின்னேரம் ஒரு கடைக்காரர் தந்த இரண்டு பனடோல் மாத்திரையோடு திரும்பி வந்தேன். நீ மடியில் அவனை வைத்துக்கொண்டிருந்தாய், அவன் மூச்சு நின்றிருந்தது. என் கையைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு ஒரு நாளும் நீ அதைப் பற்றி என்னோடு கதைத்ததில்லை. இங்கே வந்து ஜெனி பிறந்தபோது மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னாய்: "இவளுக்குத் தெரியவேணாம் கா. இவளாவது பாரமில்லாம வளரட்டும். நீயும் வாய் திறக்கப்படாது." நான் தலையாட்டினேன்.

தமிழில் பூட்டி வைத்ததை, முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒருத்தியின் பெயரில், அந்நியர்களுக்கு முன்னால் நீ திறந்துவிட்டாய். கேட்டு நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஓடிவிடவேண்டும் போலிருந்தது. நின்று கடைசிவரை கேட்டேன்.

திரும்பும்போது காரில் கேட்டாய்: "என்னகா, நல்லாச் செய்தனா?"

"ஓம்" என்றேன்.

அதற்குமேல் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஆறு கோடையும் அதையே கேட்டாய், ஆறு கோடையும் நான் அதையே சொன்னேன். ஒவ்வொரு வருடமும் ஒரு சின்ன விவரம் கூடியது. அவன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வருடம். இன்னொரு வருடம், காய்ச்சலிலும் பாடினான் என்று. நான் ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் நின்றேன். அது எனக்குத் தண்டனையா, நீ என்னை மன்னித்துவிட்டதன் அடையாளமா என்று உன்னிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

பெப்ரவரியில் உனக்குப் பக்கவாதம் வந்தது. ஜெனி தொலைபேசியில் அழுதுகொண்டே, "அம்மாக்குத் தமிழ் வருதில்ல அன்ரி" என்றாள். நான் போனபோது நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வலக்கை அசையாமல் கிடக்க, இடக்கையை நீட்டி, பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னாய்: "போன்ஜூர், கிட்ட வாருங்கள். அடுப்பு சூடாக இருக்கிறது, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் விளக்கினாள். மனப்பாடம் செய்தது சிலருக்கு மிஞ்சுமாம். செபமோ பாட்டோ வரும். நினைத்ததைச் சொல்லும் வார்த்தைதான் வராது. உனக்கு மிஞ்சியது மரி-ஆன். தாதி ஊசியோடு வந்தால், ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்று கடக்கமுடியாது என்பாய். சாப்பாடு கொண்டுவந்தால், புருஷன் வரட்டும் என்பாய். ஜெனி சிரிப்பாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் தமிழில் கதை கதையென்று கதைப்பேன். உன் கண் என் வாயையே பார்க்கும். நெற்றி சுருங்கும். பிறகு மறுபடி படகு, மாவு, பனி.

ஒரு பின்னேரம் பிள்ளைகளின் பெயரைச் சொன்னாய். "ழோசெஃப், லூயிஸ், எத்தியென்" என்றாய். உன் உதடு எதையோ தேடியது. "யூட்" என்றாய்.

ஜெனி நிமிர்ந்தாள். "அன்ரி, யூட் எண்டது ஆரு?"

நான் ஒரு நொடி உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொல் என்கிறாயா, சொல்லாதே என்கிறாயா? அந்தக் கண்ணை ஐம்பது வருடமாகப் பழகியும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"அது நாடகத்தில வாற பிள்ளதான், மகள்" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஏப்ரலில், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்த கிழமை, எங்களை விட்டுப் போனாய்.

ஜூனில் மதாம் தெரேஸ் ஜெனியிடம் கேட்டிருக்கிறாள், அம்மாவின் இடத்தில் இந்த வருடம் நிற்பாயா என்று. ஜெனி ஒப்புக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் பாடமாக்கியதை எனக்குச் சொல்லிக்காட்டியபோது மூன்று பெயரோடு நிற்கவில்லை. "மதாம் தெரேஸ் தாளில மூண்டுதான் இருக்கு எண்டவ. நான் விடல்ல. அம்மா நாலு பேர் சொன்னவதானே, நீங்களும் கேட்டிங்கதானே அன்ரி?" என்றாள். என் பொய் அவள் வாயில் பாடமாகிவிட்டது. இரண்டு மாதம் இருந்தது சொல்வதற்கு. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று போனேன். தேத்தண்ணி குடித்தேன். பாவாடையின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். வந்துவிட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஆட்கள் வீடு வீடாகப் போகிற நடை இரண்டு, காலையில் ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று. காலையில் ஜெனி உன்னைப் போலவே நின்றாள். குரல் உன்னுடையதைவிட மெல்லியது. "எனக்கு நான்கு பிள்ளைகள்" என்று தொடங்கி, கடைசியில் "யூட்" என்றாள், பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோல. முப்பது பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தன் அண்ணனின் பெயரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் அவள் சொன்னாள். அது தெரிந்த ஒரே உயிர் அந்தக் கூட்டத்தில் நான்தான்.

எனக்குத் தாங்கவில்லை. இடைவேளையில் கோயிலுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து அவள் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். ஏன் அந்த நேரம்? தெரியாது. வாய் திறந்துவிட்டது.

அவள் சாப்பாட்டைக் கீழே வைத்தாள். "எத்தின வயசு?"

"மூண்டர."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க?"

"நான் அங்கதான் இருந்தனான், மகள். நான்தான் மருந்துக்குப் போனனான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மதாம் தெரேஸ் தூரத்திலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள், அடுத்த கூட்டம் வந்துவிட்டதென்று. போகவேண்டாம் மகள் என்றேன். ஜெனி தலைத்துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

படகு வந்தது, மணப்பெண் வந்தாள், ரொட்டி வந்தது. பிறகு பிள்ளைகள். ழோசெஃப் என்றாள். லூயிஸ், எத்தியென். நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. அதுவும் நடிப்பென்றே நினைத்தார்கள். ஒரு கிழவர் மெல்லக் கைதட்டக்கூடத் தொடங்கினார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். போய் அவளைப் பிடிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாவடியில் நின்ற அதே நிற்பு. கடைசியில் மதாம் தெரேஸ்தான், எதுவும் கேட்காமல், ஆட்களை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பிறகு ஜெனி என் வீட்டுக்குத்தான் வந்தாள். உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து குசினியில் சாப்பாட்டு மேசையருகில் உட்கார்ந்தாள். "போட்டோ இருக்கா அன்ரி?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது.

"அப்ப நீங்க சொல்லுங்க. அவன் எப்பிடி? அவனப் பாத்த ஆக்கள்ல நீங்க மட்டும்தானே மிச்சம்."

உன் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேடினேன். நடக்கும்போது உன் கையை முழுதாகப் பிடிக்கமாட்டான், இரண்டு விரலை மட்டும் பிடிப்பான் என்றேன். மீன் என்றால் நாம் முள் எடுத்துக் காட்டியபிறகுதான் வாய் திறப்பான் என்றேன். என்னை "மாமி" என்று கூப்பிடத் தெரியாமல் "மாம்மி" என்று இழுப்பான் என்றேன். அவ்வளவுதான் வந்தது. முகம் வரவில்லை. நெற்றியின் சூடுதான் கையில் வந்தது, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"வேற?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றன், மகள்."

மூன்றரை வருடப் பிள்ளைக்கு மூன்று விஷயம். மிச்சம் எல்லாம் உன்னிடம் இருந்தது. ஆறு கோடையாக நீ அதை என் கண்ணுக்கு முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய், நான் "ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று விடிந்ததும் படுக்கையிலேயே கிடந்து நான்காவது ஒன்று வருமா என்று தேடினேன். பின்னேரம் ஜெனி வருவாள். கேட்பாள்.