மகாராஜாவுக்கு வேகம் ஏற்றிய கதை

மார்ச் 3, திங்கள்

காலையில் மகாராஜாவை ஆன் செய்துவிட்டு, துணி காயப்போட்டு வந்து பார்த்தேன். இன்னும் எழுந்தருளவில்லை. என் கம்ப்யூட்டருக்கு வீட்டில் இதுதான் பெயர்.

நூலகக் குழுவிலிருந்து ஃபோன். குழந்தைகள் நூலகம் கட்ட மூன்று பேருடைய வரைபடங்களை எடுத்து வைத்திருக்கிறார்களாம். அதில் என்னுடையதும் ஒன்று! பதினான்காம் தேதிக்குள் கட்டடத்துக்குள் நடந்து போவதுபோல ஒரு வீடியோ தரவேண்டும். ஆபீஸ் வேலையை விட்டுத் தனியாகக் கட்டடம் வரையத் தொடங்கியபின் என் பெயரில் எழும்பக்கூடிய முதல் கட்டடம். இது கைநழுவினால் பழைய மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். "எப்ப வேணா திரும்பி வாம்மா" என்று அன்றைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தாரே, அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வீடியோவுக்கான படங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க வேண்டும். மகாராஜா போகிற அழகுக்கு மாதக் கடைசி ஆகிவிடும். தம்பியைக் கூப்பிட்டேன். வேறு ஊரில் கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறான்.

"ஓவர்கிளாக் பண்ணுக்கா. ப்ராசசரோட வேகத்த நாமளே கொஞ்சம் ஏத்தி விடறது. சூடாகும், ஆனா ஓடும்."

மார்ச் 4, செவ்வாய்

ப்ராசசர் மேல் தடவியிருக்கும் பேஸ்ட்தான் அதன் சூட்டை விசிறிப் பக்கம் கடத்துமாம். அது காய்ந்து போயிருந்தது. முதலில் அதை மாற்றச் சொன்னான் தம்பி. விசிறியைக் கழற்றி வைத்த நேரம் பார்த்துக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஃபோனோடு வாசலுக்குப் போக, மிச்சத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர் இவர், கை நடுங்காது. "பழச நல்லா சுரண்டிட்டு, பட்டாணி அளவு பேஸ்ட் வைங்க மாமா" என்று இவர் ஃபோனில் தம்பி சொல்வது எனக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் மூடி, திருகாணிகளை முடுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

வேகத்தை ஏற்றினேன். மகாராஜா பறந்தார்! சாயங்காலம் வரை படம் படமாக வந்து விழுந்தது. சந்தோஷத்தில் நான் குதித்த குதியில் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

அணைந்துவிட்டது. அளவுக்கு மேல் சூடானால் தானே அணைந்துகொள்ளுமாம். மூன்று தடவை.

மார்ச் 6, வியாழன்

வேகத்தைக் கொஞ்சம் இறக்கினேன் – அணைந்தது. வோல்டேஜைக் குறைத்தேன் – அணைந்தது. தூசியெல்லாம் பிரஷ் போட்டு எடுத்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். வியர்த்து வழிந்தது நான், காற்று வாங்கியது மகாராஜா. கடைசியில் வேகமே வேண்டாம் என்று பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். அப்போதும் அணைகிறது!

இதெப்படி? ஏற்றியதால்தானே வந்தது? இறக்கிய பிறகும் ஏன்?

இவரும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தார். ஒரே புதினா வாசனை. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பல் தேய்ப்பாரோ மனுஷன்.

மார்ச் 8, சனி

ஒண்ணும் ஓடல. அழுகையா வருது. இருந்த கம்ப்யூட்டரையும் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? திங்கட்கிழமையே குழுவுக்கு ஃபோன் போட்டு முடியாதுன்னு சொல்லிடலாமா?

பிற்பகல். இவர் வேலைக்குப் போயிருக்கிறார், வீட்டில் நான் மட்டும்தான். ஆனால் புதினா வாசனை அப்படியே இருக்கிறது. எங்கிருந்து? மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். மேசை. மேசைக்குக் கீழே. மகாராஜா!

விசிறியைக் கழற்றினேன். ப்ராசசர் மேல் வெள்ளை வெளேரென்று ஏதோ காய்ந்து வெடித்திருக்கிறது. டிராயரைத் திறந்தேன். நான் வாங்கி வைத்த பேஸ்ட் ட்யூப் உறை பிரிக்காமல் கிடக்கிறது. இவருக்கு ஃபோன்.

"என்ன பேஸ்ட் வெச்சீங்க?"

"நம்ம பேஸ்ட்தான்."

"நம்ம பேஸ்ட்டுன்னா?"

"பாத்ரூம்ல இருக்கே, அது. பட்டாணி அளவுதான் வெச்சேன், சத்தியமா! ஏம்மா, தப்பா?"

நாள் பூராவும் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் இவர் சொல்வது இதுதான், பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று. தம்பியும் அதே வார்த்தையைச் சொன்னதும் வேறு சந்தேகமே வரவில்லையாம். திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஈரம் இருந்தவரை அதுவும் சூட்டைக் கடத்தியிருக்கிறது, காய்ந்ததும் கைவிட்டுவிட்டது.

"மகாராஜாவுக்கு சொத்தைப் பல்லே வராதுக்கா" என்கிறான் தம்பி.

மார்ச் 9, ஞாயிறு

இவரே பஞ்சு வைத்துத் துடைத்து, சரியான பேஸ்ட்டைப் போட்டார். பழைய வேகத்தில் அணையாமல் ஓடுகிறது. அப்பாடா.

ஆசை யாரை விட்டது? மறுபடி ஏற்றினேன். திரை நீலமாகி நின்றது. கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினேன். உறைந்துவிட்டது. "அவ்வளவுதான்க்கா அதால முடியும். விட்டுடு" என்றான் தம்பி. செவ்வாய்க்கிழமை எப்படிப் பறந்தது என்றால், அது அவனுக்கும் தெரியவில்லை. ஆக, இவர் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. அது ஒன்றுதான் வருத்தம்.

மார்ச் 10, திங்கள்

முழுக் கட்டடத்தையும் காட்ட நேரமில்லை. ஒரே ஒரு நடைதான் முடியும். யாருடைய நடை? வரப்போவது குழந்தைகள்தானே. ஒரு குழந்தை வாசலில் நுழைந்து, புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்காரும் வரை. அதன் உயரத்திலிருந்து, அதன் வேகத்தில்.

அளவு பார்க்க இவரை ஹாலில் முட்டிபோட்டு நடக்கவிட்டேன். பேஸ்ட்டுக்கு ஈடாக மறுபேச்சுப் பேசாமல் நடந்தார். இவர் கண் மட்டத்துக்கு மேல் இருந்த இரண்டு அலமாரிகளை வரைபடத்தில் கீழே இறக்கினேன்.

மார்ச் 13, வியாழன்

அனுப்பிவிட்டேன். மகாராஜாவுக்கு ஓய்வு.

மார்ச் 21, வெள்ளி

குழுத் தலைவி பேசினார். மற்ற இருவரும் கூரைக்கு மேலே பறந்து, சுற்றிச் சுழன்றெல்லாம் காட்டியிருக்கிறார்களாம். "நீங்க ஏன் மாடியக்கூட காட்டல?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் பழசு, இவ்வளவுதான் முடிந்தது என்று உள்ளதைச் சொன்னேன். "ம்ம்" என்றார்.

ம்ம் என்றால் என்ன அர்த்தம்? இவரைக் கேட்டேன். இவரும் "ம்ம்" என்கிறார்.

ஏப்ரல் 28, திங்கள்

வெயில் ஏறும் முன் போய்விட்டோம். என் நூலகம் எழும்பப்போகிற இடம். இப்போதைக்கு வெறும் தரை, அதில் சுண்ணாம்புப் பொடியால் கோடுகள். மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் என் தாளை வைத்து ஒவ்வொரு மூலையாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்ததையும் இன்னொரு தடவை அளந்தேன், மறைப்பானேன்.

நிமிர்ந்து பார்த்தால், இவர் ஒரு கோட்டின் மேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சுவத்துல நிக்கிறீங்க, தள்ளுங்க!"

பதறிப்போய் வெளிப்பக்கம் குதித்தார். அங்கிருந்தே "வாசல் எங்கம்மா?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். அத்தனை பெரிய வெட்டவெளியில், நடுவே ஒரு செங்கல்கூட இல்லாத இடத்தில், மனுஷன் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.