பிரமாதம் என்றீர்களே

என்னங்க,

பூட்டை ஆட்டிப் பார்க்காதீர்கள், நான் உள்ளே இல்லை. நின்றபடியே இதைப் படியுங்கள்.

போன வாரம் நான் அனுப்பிய கதையைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "முதல் பக்கத்துல செத்துப்போன மாமனார் நாலாம் பக்கத்துல காபி குடிக்கிறாரேம்மா! வீட்டுல யாரும் படிச்சுப் பாக்கலையா?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மாற்றி எழுதும்போது கோட்டைவிட்டது என் தப்புதான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் உங்களிடம்தானே கொடுத்தேன்? "குறை சொல்லுங்க, அப்பதான் எனக்குக் கை திருந்தும்" என்று கெஞ்சினேனே! போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "பிரமாதம், அனுப்பிடு" என்றீர்கள்.

சட்டைக்கு இஸ்திரி போட்டாலும் பிரமாதம், கதை எழுதினாலும் பிரமாதம். கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்கிறேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இந்நேரம் உருப்படியாக எழுதியிருப்பேன்.

நேற்று உங்களிடம் ஒரு புதுக் கதை கொடுத்தேன். இன்று காலையில் அதற்கும் பிரமாதம் வந்துவிட்டது. அதில் ஒருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறாள். போகும்போது சாவியை எங்கே ஒளித்துவைக்கிறாள் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். உங்கள் சாவியைத் தொலைத்துவிட்டீர்கள். மிஞ்சிய ஒரே சாவியை நானும் அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

கதை உங்கள் பையில்தான் இருக்கிறது. படிக்க வசதியாக வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
பாராட்டுக் கேட்டே காது புளித்தவள்