கீழ்த்தட்டு இன்னும் முடியவில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே நலம் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். எனக்கு முட்டி வலி, அது பழைய உறவு, கூப்பிடாமலே வரும். அப்பாவுக்குத்தான் காது. போனில் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் ஒரு மனுஷனை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். ஷிப்ட் முடிந்து களைத்து வந்திருப்பாய், சாப்பிட்டுவிட்டுப் படி.

அச்சகத்தில் அந்த ராட்சத மிஷின் பக்கத்திலேயே ஆயுசெல்லாம் நின்ற காது, எத்தனை நாள்தான் தாங்கும். வலது காது எப்போதோ செத்துவிட்டது, அதில் எதை வைத்தும் பயனில்லையாம். இடது காதில் கனமான சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்கிறது. அதில் ஆபரேஷன் பண்ணி உள்ளே ஒரு கருவி வைத்தால் மனுஷர் பேசுவது புரியும், ஆனால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடலாம், பாட்டு இனிமேல் பாட்டாகக் கேட்காது, தகரம் தட்டுகிற மாதிரி இருக்கும் என்று காது டாக்டரம்மா எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி அவரிடமே காட்டினார். தள்ளிப்போடாதீர்கள், நரம்பு சோர்ந்துவிட்டால் கருவி வைத்தும் கேட்காது என்றும் எழுதினார். அப்பா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, ரெக்கார்டு அலமாரியில கீழ்த்தட்டை முழுசா ஒரு தடவை கேட்டு முடிச்சுடறேன், அப்புறம் வெட்டிக்கட்டும் என்றார். சரி, பாவம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குக் கொடுத்த முதல் தேதி போயிற்று, இரண்டாவது தேதியும் போயிற்று, கீழ்த்தட்டு முடிந்தபாடில்லை.

மேல்தட்டு உனக்குத் தெரியும், ஊர் உலகமெல்லாம் கொண்டாடின ராக் பேண்டுகள், நான் தொட்டால்கூட விரல் ரேகை படும் என்பார். கீழ்த்தட்டில் கிடப்பதெல்லாம் சவலைப் பிள்ளைகள். கடையில் விலைபோகாமல் கிடந்ததை மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்தவை, ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுப் போன இடம் தெரியாமல் போன பேண்டுகள். ஒரு பக்கம் கேட்டுவிட்டு, பாடறவனுக்குத் தொண்டையே இல்ல என்று உன் அப்பா ஓரங்கட்டினவர்கள். இப்போது பார், மேல்தட்டுக்காரர்கள் உச்சியில் பாடுவதும் கிடார் அழுவதும் அவருக்கு ஒன்றும் எட்டவில்லை, அவர்கள் ஊமைப் படமாகிவிட்டார்கள். ஒரு நாள் எரிச்சலில் கீழே இருந்து எதையோ உருவிப் போட்டார். அட்டைப் படத்தில், ரயில்வே ஸ்டேஷனில் மழைக்கோட்டோடு நாலு பேர், கடைசி வண்டியைத் தவறவிட்ட முகம். பாடுகிறவனுக்குத் தொண்டை இல்லாததால் மொத்த பாரத்தையும் டிரம்ஸ்காரன் தலையிலும் அந்த நாலு கம்பி கிடார்காரன் தலையிலும் கட்டியிருக்கிறார்கள், வயிற்றுக்குள் உருளுமே, அந்தச் சத்தம். அது மட்டும் அப்பாவுக்கு நன்றாகக் கேட்கிறது. தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கையை வைத்துக்கொண்டு, இவனுங்களைப் போய் விட்டுட்டேனே, இவனுங்களைப் போய் விட்டுட்டேனே என்று புலம்பினார். அன்றிலிருந்து வீட்டில் இதே வேலைதான். கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்து, உங்க பாட்டுல என் பேஷண்டுக்கெல்லாம் பல்லு தானா ஆடுதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

எனக்கு என்ன வேலை தெரியுமா, பக்கத்தில் சிலேட்டோடு உட்கார வேண்டும். அவருக்குக் கேட்காததை நான் எழுதிக் காட்ட வேண்டும். முதலில் கத்துகிறான் என்று எழுதினேன், அப்புறம் இன்னும் கத்துகிறான் என்று எழுதினேன். கத்தறான்னா எப்படி, கோவமாவா பயந்துபோயா, சரியா கேட்டு எழுது என்று எனக்குத் திட்டு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கல்யாணமான நாள் முதல் என்னைச் சொன்ன மனுஷன்! அடுப்பில் ஒன்று, துவைக்கப் போட்டது ஒன்று, நடுவில் இது. சலிப்பாக இருக்கிறதடா. உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி விடுவதில்லை. ஆனாலும் கேட்டுக் கேட்டு எனக்கே ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. மழைக்கோட்டுக்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அப்புறம் திணறுவார்கள்.

அதனால்தான் கண்டுபிடித்தேன். போன வாரம் புதுசு என்று ஒன்றைப் போட்டார், நாலு தட்டு தட்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஏற்கனவே கேட்டது. அட்டையைப் பார்த்தால் வேறு யாரோ. உள்ளே இருந்த ரெக்கார்டை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒட்டியிருக்கிற அதே பச்சைச் சீட்டு, சாட்சாத் மழைக்கோட்டுக்காரர்கள்தான். கேட்டு முடித்ததையெல்லாம் இன்னும் கேட்காததன் அட்டையில் போட்டுத் திரும்பத் திரும்ப அடியில் சொருகியிருக்கிறார். அப்புறம் கீழ்த்தட்டு எங்கே முடியும்? எனக்கு வந்த கோபத்துக்குச் சிலேட்டில் எழுதப் பொறுமையில்லை, அட்டையை அவர் மடியில் போட்டேன். திருடன் மாதிரி முழித்தார். அப்புறம் மெதுவாக, எனக்கு மிச்சமிருக்கற சத்தம் இது ஒண்ணுதான், இதையும் தகரமாக்கிட்டு நான் என்ன கேக்கப்போறேன் என்றார். என் குரல் கீச்சுக்குரல், அவருக்கு ஒரு எழுத்தும் எட்டுவதில்லை. முகம் தெரியாத நாலு பேர் சத்தம் கேட்கிறது, கட்டினவள் சத்தம் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன், உன்னிடம் என்ன மறைக்க.

மறுநாள் ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்ற ரிப்பேர்க்காரர் வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இந்த போன்ல வர்ற சத்தத்தை அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஒரு ஒயரைச் சொருகிக் கொடுத்தார். நீ குரலில் பேசி அனுப்பினது என்று என் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பாவுக்குத்தான் கேட்கவில்லையே என்று நீ எல்லாவற்றையும் டைப் பண்ணித்தானே அனுப்புகிறாய். அது எப்போதோ அனுப்பியது, அம்மா பார்சல் வந்துருச்சு, அப்புறம் பேசறேன், அவ்வளவுதான். அதைப் போட்டேன். உன் குரல் உன் அப்பா குரல் மாதிரியே கனத்துப்போயிருக்கிறது. ஸ்பீக்கரில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரு, அவனா என்றார். நான் தலையாட்டிவிட்டு, நீ சொன்னதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். திரும்பப் போடச் சொன்னார், திரும்ப, திரும்ப. ரிப்பேர்க்காரர் ஊசியை மாற்றிவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். கடைசியில் அப்பா என்னிடம், அப்புறம் பேசறேன்னு சொல்றானே, அப்புறம்னா எப்பன்னு அவனையே கேளு என்றார்.

கேட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு மூன்றாவது தேதி வாங்கியிருக்கிறேன். அவன் ஒரு தடவை என்கிட்ட பேசட்டும், இந்தக் காதாலயே கேட்டுட்டு நானே வண்டியில ஏறி உக்கார்றேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் கருவி வழியாக நீ பேசுவது புரியும், ஆனால் அது உன் குரலாக இருக்குமா என்று டாக்டரம்மாவாலேயே உறுதி சொல்ல முடியவில்லை.

கண்ணா, நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதே, குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிக்கொண்டு அலையாதே. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போன் பண்ணு, ஒயரைச் சொருகி வைக்கிறேன். பேசும்போது கத்தாதே, கத்தினால் குரல் மேலே போய்விடும், அவருக்கு எட்டாது. நிதானமாக, அடிவயிற்றிலிருந்து பேசு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, பார்சல் வந்ததையே அவருக்குப் பத்து தடவை கேட்கச் சலிக்கவில்லை. எடுத்ததும் என்னை விசாரித்துக்கொண்டிருக்காதே, நேராக அவரிடம் பேசு. என்னிடம் சொல்ல வேண்டியதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், எனக்கு எப்போது சொன்னாலும் கேட்கும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா