லைன் கட்டாகவில்லை

மார்ச் 3, செவ்வாய்

பஸ்ரியன் வீட்டுக்கு அம்மா சம்மதம் சொல்லிவிட்டா. உயிர்த்த ஞாயிறு கழியக் கலியாணம். அவர் விடத்தல்தீவு ஆள். இப்போது டோஹாவில் ஏசி வேலை. இரண்டு மாதமாக வட்ஸ்அப்பில் எழுதிக்கொள்கிறோம். இன்று எழுதினார்: "உம்மோடை கதைச்சால் நேரம் போறதே தெரியேல்லை. சரியான வாயாடி நீர்."

இன்னும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. எழுதும்போதுதான் நான் வாயாடி. வாயைத் திறந்தால் திக்கும். எங்கள் பேசாலையில் சிக்னல் இல்லை என்று இவ்வளவு நாளும் சமாளித்துவிட்டேன். "கலியாணத்துக்குப் பிறகு தெரியட்டும்" என்கிறா அம்மா.

மார்ச் 8, ஞாயிறு

பூசையால் வர, போன் அடித்தது. அவர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்னால் ஆள் நின்றால் சமாளிப்பேன். சொல் வராவிட்டால் கையைக் காட்டலாம், சிரிக்கலாம். நான் படிப்பிக்கிற முன்பள்ளியில் பிள்ளைகளோடு பாடும்போது திக்குவதே இல்லை. போனில் முகம் இல்லை. எடுத்த உடனே "ஆர் கதைக்கிறது?" என்பார்கள். என் பெயர் ஜெயனி. அந்த முதல் எழுத்தே எனக்கு வராது.

மார்ச் 9

குரல் பதிவாவது அனுப்பச் சொன்னார். பத்தொன்பது தரம் பதிந்து அழித்தேன். இருபதாவது திக்காமல் வந்தது. அனுப்பினேன்.

"நல்ல குரல். ஏன் ஒளிச்சு வைச்சனீர்?"

இப்ப இன்னும் பயம். அந்தக் குரல் என்ரை இல்லையே.

மார்ச் 15, ஞாயிறு

திரும்ப அடித்தார். எடுத்தேன். "சாப்பிட்டீரோ?" என்றார். ஓம் என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வரேல்லை. "ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிட்டுது போல." வைத்துவிட்டார்.

உடனே எழுதினேன்: "லைன் கட்டாகேல்லை. எனக்குத் திக்கும். சின்னனிலேயிருந்து."

பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 16

இல்லை.

மார்ச் 18, புதன்

"தங்கள் தகவல் கிடைத்தது. யோசித்துவிட்டு அறிவிக்கிறேன்."

தங்களாம். நேற்றுவரை நீர். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரி — வேண்டாம் எண்டதை இப்பிடித்தான் எழுதுவினமோ? அம்மாவிடம் காட்டினேன். "ஏன் பிள்ளை வாயைக் குடுத்தனீ" என்று அழுதா. வாயையோ குடுத்தனான்? எழுதினதெல்லோ.

மார்ச் 22, ஞாயிறு

அந்தப் பதிலை எழுத்தில் வாசிக்க என்னால் ஏலாது. நானே அவருக்குக் கோல் எடுத்தேன். இருபத்தாறு வயதுக்கு இதுதான் முதல் தரம்.

"நான் ஜ... ஜ..."

அவர் ஹலோ சொல்லவில்லை. பின்னால் ஏதோ மெசின் இரைந்தது. கதவு சாத்திக் கேட்டது, இரைச்சல் நின்றது. காத்திருந்தார். பெயர் வந்தது.

"வேண்டாமெண்டால் வாயாலை சொல்லுங்கோ." எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது.

பிறகு அவர் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இந்தமுறை நான் பயந்தேன்.

"திக்கிறதுக்கில்லைக் கோவம். மறைச்சதுக்கு. ரெண்டு மாசம் நான் ஆரோடை கதைச்சனான்?"

"என்னோடைதான்." அதைச் சொல்லவும் நேரம் எடுத்தது. இடையில் அவர் என் சொல்லை முடித்துத் தரவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அதற்குப் பிறகு மூன்று தரம் எடுத்துவிட்டார். இன்று முப்பத்தெட்டு நிமிடம். அதில் கதைத்தது கொஞ்சம்தான்.

நாளைப் பின்னேரம் அவரின் தாய் எடுப்பாவாம், கூறைச் சேலை நிறம் கேட்க. நான் திக்குவதை அவவுக்கு அவர் சொல்லவில்லை. "நீரே சொல்லும்" என்றார்.

இப்பவே பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாக்கிறன். அடிச்சால் எடுப்பன்.