நாலாவது கல்

மார்ச் 3

அன்புள்ள ரொட்டிக்காரிக்கு,

உன் அண்ணி எழுதுறேன். பேத்தி எழுதித் தரேன்னா. வேண்டாம்னுட்டேன். ரெண்டாம் வகுப்போட நின்ன எழுத்து, கோணலா இருந்தாலும் என்னுது. நலமா? வீட்டைப் பூட்டிட்டு மகன்கிட்ட போய் ரெண்டு மாசம் ஆச்சு. போய்ச் சேர்ந்தேன்னு ஒரு வரி போட்டியா? கை என்ன, மாவுல ஒட்டிக்கிச்சா?

இங்க ஊர் பெருசாகுதாம். நம்ம தெருவை வணிகப் பகுதின்னு அறிவிச்சு ரோட்டை அகலப்படுத்துறாங்க. முற்றத்துல நீ கட்டின பேக்கரியை இடிச்சாச்சு. அடுப்புச் சுவர் மட்டும் கரியோட நிக்குது. நான் அந்தப் பக்கம் போறதில்லை, சுத்திப் போய்த்தான் பால் வாங்குறேன். சொந்த இடம் விட்டுக்கொடுத்தவங்களுக்கு மூலையில கட்டுற வளாகத்துல கடை உண்டாம். சலவைக்காரருக்குக் கிடைச்சிடுச்சு. சைக்கிள் கடைக்காரர் இப்பவே போர்டு எழுதி வச்சிருக்கார். உன் முற்றம் தெரு நிலம்னு எழுதிட்டதால உனக்கு இல்லையாம். கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. நம்பினா நம்பு.

ஆனா ஒண்ணு. உன் அண்ணன் செத்த பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, 'அம்மாவோட மெஷின்'னு சொல்லி என் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போனே. தள்ளுவண்டி உன் முற்றத்துக்குள்ள நுழையறப்ப, எல்லையில இருந்த ஏழு கல்லுல நாலாவதுல சக்கரம் இடிச்சு, நூல்கண்டு உருண்டு ரோட்டுக்கு வந்துச்சு. பச்சை நூல். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. மறக்கலை.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அண்ணி

---

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லா இருக்கேன். 'நீங்க உட்காருங்க அத்தை'ன்னு மருமக என்னைச் சமையலறையிலேர்ந்து மரியாதையாத் துரத்துறா. பிசைய மாவில்லாம கை ரெண்டும் மடியில கிடக்கு.

உங்க கடிதத்தை மூணு தரம் படிச்சேன். அந்த ஏழு கல்லும் தாருக்கு அடியில போய் பத்து வருஷம் ஆச்சு. பழைய வரைபடத்துல அந்த இடம் கிழிஞ்சிருக்கு, தெருவுலயே மூத்தவங்களைக் கேப்போம்னு சர்வேயர் உங்க கதவைத்தான் தட்டினார். முற்றம் எதுவரைக்கும்னு கேட்டார். 'வயசாச்சு, ஞாபகமில்லை'ன்னு கையெழுத்துப் போட்டீங்க. நானும் நம்பினேன். அண்ணிக்கே மறதி வந்துடுச்சேன்னு அன்னிக்கு உங்களுக்காக அழுதேன்.

நூல் என்ன நிறம்னு ஞாபகம் இருக்கு. கல்லு எங்க இருந்துச்சுன்னு இல்லையா அண்ணி?

உங்க நாத்தனார்

---

மார்ச் 16

ரொட்டிக்காரி,

என் கையாலேயே மாட்டிக்கிட்டேன்.

ஞாபகம் இருந்துச்சு. சர்வேயர் கேட்டப்ப நீ எதிர்ல நின்னே, மாவுக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு, அண்ணி சொல்லிடுவாங்கங்கிற தைரியத்துல. அந்தத் தைரியத்தைப் பார்த்ததும் தள்ளுவண்டி கண்ணு முன்னாடி வந்துடுச்சு. ஒரு நாள் தவிக்கட்டும், நாளைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் வெட்கம். அதுக்கு மறுநாள் இன்னும் வெட்கம். அப்புறம் புல்டோசர் வந்துடுச்சு.

நேத்து நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

"போன தடவை ஞாபகமில்லைன்னீங்களே பாட்டி?"ன்னார் குமாஸ்தா.

"பொய்ப்பா."

"காரணம் எழுதணுமே."

"வன்மம்னு போடு."

பேனாவை வச்சுட்டுப் பார்த்தார். "மறதின்னு போட்டுக்கலாம் பாட்டி, கௌரவமா இருக்கும்."

"எனக்கா மறதி? உன்னை அடிச்சிடுவேன். வன்மம்னே போடு."

போட்டார். படிச்சும் காட்டினார். அதைக் காதால கேக்கிறது வேற மாதிரி இருந்துச்சு.

இருபத்தஞ்சாம் தேதி இடத்துலயே விசாரணை. வந்துடு. என்னோட பேச வேண்டாம்.

அண்ணி

---

ஏப்ரல் 29

அன்புள்ள ரொட்டிக்காரிக்கு,

இந்த மாசத்துல இது மூணாவது கடிதம். முதல் ரெண்டுக்கும் உன் பதில் வரலை.

முற்றம் உன்னுதுன்னு உத்தரவு வந்துடுச்சு. நகல் உள்ள வச்சிருக்கேன். நான் காட்டின இடத்துல தாரைத் தோண்டினப்ப நாலாவது கல் அன்னிக்கு வண்டி இடிச்ச மூளியோட வந்துச்சே, அதையும் படம் பிடிச்சுச் சேர்த்திருக்காங்க. ஆனா வளாகத்துல கடையெல்லாம் கொடுத்து முடிச்சாச்சாம். காத்திருக்கிறவங்க பட்டியல்ல உன்னை முதல்ல எழுதியிருக்காங்க. "ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா..."ன்னு குமாஸ்தா ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திக்கிட்டார். நல்ல மனுஷன்.

விசாரணை அன்னிக்கு நீ என் பக்கம் திரும்பவே இல்லை. பேச வேண்டாம்னு நான்தானே எழுதினேன். வீட்டுக்கு வந்தா வாசல்ல மெஷின். எண்ணெய் விட்டு, துணி போட்டு மூடி, ஊசிகூடப் புதுசு. நீ இல்லை.

முப்பத்தொரு வருஷமா உன்மேல எனக்கு இருந்த குறை அது ஒண்ணுதான். அதையும் இறக்கி வச்சுட்டுப் போயிட்டே. இப்ப என்மேல இருக்கிறது மட்டும்தான் வீட்டுல இருக்கு. அதோட உட்கார்ந்திருக்கேன்.

மெஷின் நல்லா ஓடுது. இன்னும் எதையும் தைக்கலை.

பதில் வேண்டாம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரலை. திட்டியாவது ஒரு வரி போடு.

அண்ணி